முகம் கவிழ்த்த பதினேழு

மார்ச் 3

என் சில்லறைக்கு,

நீ அனுப்பிய பெட்டி நேற்றுப் பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் மணியை அடித்து அடித்து அலுத்துப்போய், கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பத்தாறு வருஷம் காசு அடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு வாசல் மணி எந்த மூலைக்கு? முன்பெல்லாம் மணி அடித்தால் உன் அம்மா சொல்வாள். போன் அடித்தால் உன்னோடு பேசுவதும் அவள்தான். பக்கத்தில் நின்று, "என்னவாம், என்னவாம்?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். ஜனவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை, எனக்குக் காது இல்லை. நல்ல ஜோடிப் பொருத்தம். அதனால்தான் உனக்கு இந்தக் கடிதத் தொல்லை. எட்டாவதுவரை படித்தவன் எழுத்து. அந்த எட்டாவதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்.

அம்மாவின் கைப் பயிற்சிக்கென்று நீ அனுப்பிய, முன்னூறு அட்டைத் துண்டைச் சேர்த்து முழுசாக்குகிற துண்டுப்படத்தின் பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இருநூறு முன்னூறு வருஷத்துக்கு முந்தைய காசடிக்கும் கூடம்! நடுவில் மரச் சட்டம், அதற்குள் ஆள் உயரத் திருகு. திருகின் தலையில் நீளமாக ஒரு கை, கையின் இரண்டு நுனியிலும் பூசணிக்காய் அளவுக்கு ஈயக் குண்டு. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்கள். கீழே குழிக்குள் ஒருத்தன், இடுப்புவரை தரைக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, அச்சுக்கு நடுவில் காசாகப்போகிற வெறும் வில்லையை ஒவ்வொன்றாகக் கையால் வைக்கிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் அவன் விரல்களைத்தான் எண்ணினேன். பத்தும் இருக்கிறது. வேலைக்குப் புதுசு போல.

ஓரத்தில் இரண்டு குதிரைகள் தகட்டை நசுக்கும் உருளையைச் சுற்றுகின்றன. இத்தனை பேர் இருக்கிறார்கள், பரிசோதனைக்கு ஒரு பெண் கிடையாது. "அதனாலதான் அந்தக் காலத்துக் காசெல்லாம் கோணலா இருக்கு" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது.

உனக்கு நூறு தடவை சொன்ன கதைதான், நூற்றியொன்றாகக் கேள். நான் அச்சுப் பிரிவு, அவள் பரிசோதனைப் பிரிவு. கறுப்புப் பட்டையில் காசு ஓடிக்கொண்டே இருக்கும். அவள் வலது கை மட்டும் நடுவில் பாய்ந்து ஒன்றைப் பொறுக்கும். "கழுகு" என்று பெயர் வைத்திருந்தோம். கழித்த காசை முகம் கவிழ்த்து வரிசையாக வைக்க வேண்டும், மறுபடி நல்லதோடு கலந்துவிடக் கூடாதென்று. யார் இயந்திரத்துக் கழிவோ அவன் வந்து பார்த்து, நோட்டில் "கழிவு இத்தனை, பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் என் தட்டில் பதினொன்று. சண்டைக்குப் போனேன். "ஏம்மா, உனக்குக் கண்ணா இல்ல பூதக்கண்ணாடியா?" என்றேன். தலையைக்கூடத் தூக்காமல், "கையெழுத்துப் போட்டுட்டுக் கத்துங்க" என்றாள். சண்டை போடப் போனவன் கல்யாணத்தில் வந்து முடிந்தேன்.

இன்று காலை தட்டில் துண்டுகளைக் கொட்டி அவள் மடியில் வைத்தேன். விழுந்துபோன வலது கையை நான் தாங்கிப் பிடித்துக்கொள்ள, இரண்டு துண்டு வைத்தாள். குதிரைக் காது ஒன்று, மூலைத் துண்டு ஒன்று. பிறகு தட்டைத் தள்ளிவிட்டாள். அந்தப் பயிற்சி இல்லத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அதெல்லாம் எதற்கம்மா? இங்கே அவளுக்கு என்ன குறை? கூப்பிட வேண்டுமென்றால் இடது கையால் நூல்கண்டை எடுத்து என் மண்டையில் எறிகிறாள். குறி ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அன்புடன்
உன் அப்பா
(ஆலையில் டமாரம்)


மார்ச் 10

அன்புள்ள அப்பா,

நாற்பதை எட்டப்போகிறவளைச் சில்லறை என்று கூப்பிடுகிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். அலுவலகத்தில் உறையைப் பார்த்துவிட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். உறைக்கு வெளியிலாவது என் பெயரை எழுதுங்கள்.

இரண்டு துண்டு என்று படித்ததும் நான் தயாரித்துக்கொண்டிருந்த பேருந்து நேர அட்டவணையை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. உடனே பயிற்சி டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பக்கவாதம் வந்த முதல் ஆறு மாதம்தான் முக்கியமாம். கையும் பேச்சும் திரும்புவதென்றால் பெரும்பாலும் அதற்குள்தான். அதாவது ஜூன் கடைசி. பயிற்சி இல்லத்தில் மொத்தமே பதினாறு படுக்கை. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஒன்று காலியாகிறது. அம்மா பெயர் முதலில் இருக்கிறது. அடுத்து ஓர் ஆசிரியர் காத்திருக்கிறார். வீட்டிலேயே வலது கை நன்றாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டால், அம்மா வீட்டிலேயே பயிற்சியைத் தொடரலாம், படுக்கையை அந்த ஆசிரியருக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். இல்லையென்றால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் இங்கே கொண்டு வந்துவிட வேண்டும்.

அங்கே நாலு மாதம் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள் என்பது உங்களுக்குப் பிடிக்கவில்லை, தெரியும். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அப்பா, உங்கள் கடிதத்தை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்கப்போகிறோம். ஒன்று வைத்தால் ஒன்று என்று எழுதுங்கள். வைக்கவில்லையென்றால் வைக்கவில்லை என்று எழுதுங்கள். உங்கள் வழக்கப்படி மசாலா சேர்க்க வேண்டாம்.

அன்புடன்
உங்கள் மகள்


மார்ச் 17

என் சில்லறைக்கு,

மசாலாவா? நானா? பத்தியச் சாப்பாடு மாதிரி எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

இந்த வாரம் பதினோரு துண்டு. குதிரையின் தலை முழுசாக முடிந்தது. கயிறு இழுக்கிற ஆட்களில் இரண்டு பேருக்கு முகம் வந்துவிட்டது. ஒருத்தன் நம் பழைய மேற்பார்வையாளர் மாதிரியே இருக்கிறான், அதே வெறும் வயிற்று முகம். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. கை தானாக மெதுவாக எழும்புகிறது. நடுங்குகிறது, ஆனாலும் எழும்புகிறது. துண்டை எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, வைக்கிறாள்.

சூப் நன்றாகக் குடிக்கிறாள். நான் வைக்கிற சூப்பை ஒருத்தி குடிக்கிறாளென்றால் உடம்பில் தெம்பு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

டாக்டரிடம் சொல். அந்த ஆசிரியருக்கும் பாவம், குடும்பம் இருக்கும்.

அன்புடன்
அப்பா


மார்ச் 30

என் சில்லறைக்கு,

நூற்று நாற்பது துண்டு! குதிரை இரண்டும் நிற்கின்றன. திருகின் கைக்கு ஒரு பக்கத்துக் குண்டு வந்துவிட்டது, மறு பக்கம் இன்னும் வெற்றிடம். ஒரு பக்கம் மட்டும் குண்டு இருந்தால் இயந்திரம் சுற்றாது, ஆட்டம்தான் ஆடும் என்று அவளிடம் சொன்னேன்.

ஒரு வேடிக்கை கேள். நேற்றுத் தெருவில் அடுத்த கட்டடப் போட்டோ ஸ்டூடியோக்காரர் என் காதுக்குள் வாயை வைத்து, "என்னய்யா, குதிரைக்கு வால் முளைச்சிடுச்சா?" என்று கத்துகிறார். காதுக்குள் கத்தினால்தான் எனக்குப் பாதியாவது விழும். இவருக்கு எப்படித் தெரியும் குதிரை விஷயம்? நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தபாலைப் பிரித்துப் படிக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. எதற்கும் உறையை இனிமேல் நன்றாக ஒட்டு.

அம்மா நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் கோபமாக இருக்கிற மாதிரி தெரிகிறது. இந்த வாரம் நூல்கண்டு அடிக்கடி பறக்கிறது.

அன்புடன்
அப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பா,

அவசரமாக எழுதுகிறேன். நூற்று நாற்பதைக் கேட்டு டாக்டரே நம்பவில்லை. "உங்க அப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆளா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்க் கதையெல்லாம் கூட்டுவார் டாக்டர், அம்மா விஷயத்துல கூட்ட மாட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

பத்தாம் தேதிக்குள் ஒரு புகைப்படம் வேண்டுமாம். படமும், அம்மாவின் கையும் தெரிய வேண்டும். ஸ்டூடியோக்காரரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

மகள்


ஏப்ரல் 8

என் சில்லறைக்கு,

இத்துடன் புகைப்படம். எண்ணிக்கொள், முன்னூறும் இருக்கிறது. முழுப் படம்! கடைசி வாரம் அவள் கைக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆலையில் மாதக் கடைசி உற்பத்தி மாதிரி இரண்டே நாளில் மிச்சத்தை முடித்துவிட்டாள். மரச் சட்டம் முழுக்க ஒரே பழுப்பு, எது எங்கே என்று எனக்கே தலை சுற்றியது; அவளுக்குச் சுற்றவில்லை. குழிக்குள் இருக்கிறவனின் விரல்களை மறுபடி எண்ணினேன். இன்னும் பத்துதான்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஊருக்கெல்லாம் நேரம் குறிக்கிறவள் நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


ஏப்ரல் 15

அன்புள்ள அப்பா, அம்மா,

படம் வந்தது. பெரிதாக்கி என் மேசையில் வைத்திருக்கிறேன். போகிறவர் வருகிறவரெல்லாம் "யாரு இது?" என்று கேட்கிறார்கள். "காசு ஆலையில பரிசோதனை. லட்சம் காசுல ஒரு கோணல் காசைக் கண்டுபிடிச்சவங்க" என்று சொல்கிறேன். அம்மா முகத்தைப் பாருங்கள் அப்பா. சிரிக்காமல், உதட்டை இறுக்கி, பட்டை முன்னால் உட்கார்ந்த அதே கவனம். வலது கை துண்டின் மேல் எவ்வளவு அழகாக இருக்கிறது!

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். "சந்தோஷம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை படுக்கையை அந்த ஆசிரியருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உங்கள் அம்மாவுக்குப் புண்ணியம் என்றார்.

இனி எழுத்துப் பயிற்சியாம். அம்மாவை ஒரே ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கோடு மாதிரி இருந்தாலும் போதும். அம்மா கையால் வந்த கடிதத்துக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
உங்கள் சில்லறை
(இந்த ஒரு தடவை மட்டும்)


ஏப்ரல் 27

மகளுக்கு,

வழக்கமான பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்று கை வரவில்லை. உட்கார்ந்து படி.

உன் அம்மா வைத்தது இரண்டே துண்டுதான். மார்ச் மூன்றாம் தேதி எழுதினேனே, அந்த இரண்டு. அதுவும் நான் கையைத் தாங்கியதால். அதற்குப் பிறகு வலது கை எழும்பவே இல்லை. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டும் நான் வைத்தது.

முதலில் பொய் சொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. நீ மாடிப்படியில் போய் உட்கார்ந்ததாக எழுதினாயே, கை வேலை செய்தால் இல்லத்துக்கு வர வேண்டாமென்று டாக்டர் சொன்னதாகவும் எழுதினாயே, அங்கேதான் எனக்கு ஒரு கதவு தெரிந்தது. நாலு மாதம் அவள் இல்லாத வீடு. வீடு நிசப்தமாகிவிடுமே என்று பயந்தேன். செவிடன் நிசப்தத்துக்குப் பயந்தானாம்! சிரிக்கலாம், தப்பில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனுமில்லை, நாற்பது நாள் ஓட்டிவிட்டேன்.

புகைப்படம் கேட்டு நீ எழுதியபோது பாதிதான் முடிந்திருந்தது. குதிரை, ஆட்கள், குழிக்காரன் எல்லாம் சுலபம். மரச் சட்டம்தான் உயிரை எடுத்தது. எல்லாத் துண்டும் ஒரே பழுப்பு. ஏழாம் தேதி சாயங்காலம் பதினேழு இடம் மிச்சம், பதினேழு துண்டு மிச்சம், எதுவும் எதிலும் நுழையவில்லை. ஏற்கெனவே வைத்ததில் சிலது இடம் மாறியிருக்க வேண்டும். பிரித்துத் தேட நேரமில்லை. நான் என்ன செய்வேன்? முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். பொருந்தாததை அராவிப் பொருத்துவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. என் கருவிப் பெட்டியிலிருந்து சின்ன அரத்தை எடுத்தேன். துண்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதை அராவினேன், மூக்கை அராவினேன், ரப்பர் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

உன் மேசையில் இருக்கிறதே படம், அதில் அவள் கையைத் தூக்கித் துண்டின் மேல் வைத்தது நான். ஸ்டூடியோக்காரர் கையை ஆட்டிச் சிரிக்கச் சொன்னார், அவள் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனம் என்று எழுதியிருந்தாய். அது கவனமில்லையம்மா.

முந்தாநாள் மதியம் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். அவள் இடது கையால் தட்டை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். படம் முழுக்க ஓட்டை. கட்டில் ஓரத்தில் ஒரு நேர்க்கோடாகத் துண்டுகள், எல்லாம் முகம் கவிழ்த்து. எண்ணினேன், பதினேழு. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. இடம் மாறிக் கிடந்தாலும் அராவாத துண்டு ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. நான் அராவிய பதினேழையும் நகத்தால் தடவித் தடவிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

வரிசையை என் பக்கம் தள்ளினாள். பிறகு அந்தக் கை போர்வைமேல் எதையோ தேடித் துழாவியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நோட்டைத் தேடுகிறாள். நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே ஓடிப் போய் ஸ்டூடியோ வாசலில் நின்றேன். ஸ்டூடியோக்காரரிடம், "நான் பண்ணுன பித்தலாட்டம் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் காதுக்குள் கத்தினார்: "யோவ், நீ லெட்டர் எழுதுறப்போ சத்தமா சொல்லிச் சொல்லி எழுதுறே. தெரு முழுக்கக் கேக்குது. பொண்ணோட லெட்டரையும் அப்படித்தான் படிக்கிறே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுதுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பதினோரு துண்டு, நூற்று நாற்பது, டாக்டர், ஆசிரியர், படுக்கை எல்லாவற்றையும் கட்டிலில் படுத்தபடி அவள் கேட்டிருக்கிறாள். தன் படுக்கை கைமாறிப் போனதை என் வாயாலேயே கேட்டிருக்கிறாள். வாயைத் திறந்து, "நிறுத்து" என்று சொல்ல முடியாமல் நூல்கண்டைத்தான் எறிந்திருக்கிறாள். நான் தண்ணீர் கேட்கிறாள் என்று தம்ளரோடு ஓடியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்து, நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். "அங்க போறியா?" அதுவரை உன்னைக் கேட்டேன், டாக்டரைக் கேட்டேன், என்னையே நூறு தடவை கேட்டேன். அவளைக் கேட்கவில்லை. அவள் அலமாரிமேல் இருக்கும் துணிப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

இறக்கி, தூசி தட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் சத்தமாகத்தான் எழுதுகிறேன், இந்தத் தடவை தெரிந்தே. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நூல்கண்டு இன்னும் வரவில்லை.

அப்பா


மே 2

அப்பா,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

அடுத்த படுக்கை ஜூலை கடைசியில்தானாம். ஆறு மாதம் முடிந்த பிறகு. தினமும் காலையில் வெளி நோயாளியாகக் கூட்டி வந்தால் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுக்க டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கெஞ்சித்தான் வாங்கினேன். "நான்தான் கேட்டேனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை வேனோடு வருகிறேன். அம்மா என் வீட்டில் இருப்பார். அம்மாவின் துணிமணி, மருந்து, மருத்துவ அட்டை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

நீங்கள் வர வேண்டாம். வண்டியில் இடமில்லை என்று சொல்லலாம். இடம் இருக்கிறது. ஆனாலும் வர வேண்டாம்.

மேசையிலிருந்த படத்தை எடுத்துவிட்டேன்.

மகள்


மே 24

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் போய் இரண்டு வாரம் ஆகிறது. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. கேட்கவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான். நீ அன்றைக்கு என்னோடு பேசாமல் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தபோது, தலையணை எங்கே வைக்க வேண்டுமென்று நான் சொல்ல வந்தேன். நீயே சரியாக வைத்துவிட்டாய்.

இங்கே வாசல் மணிக்குப் பதில் ஸ்டூடியோக்காரர் ஜன்னலில் ஒரு சிவப்பு பல்பு மாட்டிக் கொடுத்திருக்கிறார். மணி அடித்தால் பல்பு எரியும். நாலு நாளாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல்பு எரிவதைவிட என் கண்தான் அதிகம் எரிகிறது.

இத்துடன் ஒரு பார்சல். துண்டுப்படம்தான். கோபப்படாதே, தூக்கிப் போடாதே, முதலில் கேள். அராவியதை மறுபடி வளர்க்க முடியாது என்றுதான் ஆலையில் சொல்வோம். ஆனால் இது இரும்பில்லை, அட்டைதானே. படத்தை முழுசாகப் பிரித்து, இடம் மாறியவற்றையெல்லாம் தேடிச் சரியான இடத்தில் வைத்தேன். பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினேழுக்கும் அவற்றின் உண்மையான இடம் எதுவென்று தெரிந்தது. நான் தேய்த்துத் தள்ளிய காதுக்கும் மூக்குக்கும் பெட்டியின் மூடியிலிருந்தே அட்டை வெட்டி ஒட்டி, இடத்துக்கு ஏற்றபடி செதுக்கி, மேலே பழுப்பு ஷூ பாலிஷ் தடவியிருக்கிறேன். பாலிஷ் வாசனை கொஞ்சம் அடிக்கும். அந்தக் கூடத்தில் குதிரை நின்ற வாசனைக்கு இது எவ்வளவோ மேல்.

அம்மா மடியில் வை. படம் முழுசாகத்தான் இருக்கிறது, தட்டோடு கட்டி அனுப்பியிருக்கிறேன். அவள் பரிசோதிக்கட்டும். கழிவு இருந்தால் திருப்பி அனுப்பு.

எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும். எந்தக் கையால் எடுத்தாள்? அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடு.

அப்பா


ஜூன் 20

அன்புள்ள மகளே,

இன்று காலை பல்பு எரிந்தது. உன் கையெழுத்தில் முகவரி. உறையைப் பிரித்தேன். துண்டுகள் மூன்று, ஒரு சின்னக் காகிதம். காகிதத்தில் ஒரே வார்த்தை.

இடது.

மேசைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்யாகவாவது "வலது" என்று எழுதியிருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. இந்தக் குடும்பத்தில் பொய் எழுதுவதற்கு ஓர் ஆள் போதும். நீ உள்ளதை எழுதினாய். அவள் மகள் நீ.

ஆறு மாதம் முடியப் பத்து நாள்தான் இருக்கிறது. அதை எண்ணாமல் ஒரு நாளும் விடிவதில்லை. ஏப்ரலில் அந்தப் படுக்கையில் அவள் படுத்திருந்தால் நீ வேறு வார்த்தை எழுதியிருப்பாயோ, தெரியாது. டாக்டருக்கும் தெரியாது என்பார். தெரியாது என்கிற இடத்தில்தான் நான் இனிமேல் குடியிருக்க வேண்டும். வாடகை கொடுத்தாவது.

மூன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அவள் கழித்தது சரிதான். ஒன்றில் பசை வழிந்திருக்கிறது. ஒன்றில் மூக்கு ஒரு மயிரிழை பருமன். மூன்றாவதில் முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சத்துக்குப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, ஓரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நான் இரண்டு கையால் செய்ததை அவள் ஒரு கையால் பிடித்துவிட்டாள்.

மற்ற பதினாலையும் அவள் விட்டுவிட்டாள். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் கூட்டி எழுதிவிடுவேன்.

இந்த மூன்றையும் மறுபடி செய்கிறேன். அவசரமில்லாமல், அரம் தொடாமல். முடிந்ததும் அனுப்புகிறேன். அவள் மறுபடி கழித்தால் மறுபடி அனுப்பு. எழுத வேண்டாம், உறை மட்டும் போதும். பல்பு எரிந்தால் போதும்.

இதையும் சத்தமாகச் சொல்லித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் போல. ஸ்டூடியோக்காரர் கடை வாசலில் வந்து நிற்கிறார், தலையைக் குனிந்துகொண்டு. நிற்கட்டும்.

அம்மாவிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் காட்டு. அன்றைக்கு அவள் நோட்டைத் தேடியபோது நான் ஓடிப்போய்விட்டேன்.

கழிவு மூன்று. பெற்றுக்கொண்டேன்.

அச்சுப் பிரிவு,
டமாரம்